கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

ஆடித்தபசு நாளில் கூடும் பெருங்கூட்டத்தைக் கொண்டே சங்கரன்கோவிலை அறிந்தவர் பலர். அவ்வூரைச் சூழ்ந்த கரிசற்காட்டுக் கிராமங்களில் பிறந்து வளர்ந்த நமக்கோ, அப்பக்கத்தை நினைத்த மாத்திரத்தில் செவியில் ஒலிப்பது வேறொன்று. ஊர்ப்புறத்துச் சிறு கோயில்களில் கொடை நடக்குங்கால், பந்தலின்கீழ் நீண்ட வில்லொன்றைக் குடத்தோடு பிணைத்துக் கிடத்தி, மணிகள் குலுங்க வீசுகோலால் நாணை அடித்துப் பாடுவர். சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் விடியுமட்டும் நடைபெறும். கதை சொல்லுவோர் ஒருவர். அவர் சொல்லுக்கு ஆமாம் போடுவோர் பக்கத்தில் இருப்பர். இந்த ஆமாம் போடும் உத்தியோகம் எளிதென்று எண்ணலாகாது. நள்ளிரவில் சபையோர் கண்ணயரும் சமயம் பார்த்து ஒரு குறுக்குக் கேள்வி கேட்டு, வந்த விடையைக் கோணலாகப் பற்றிக்கொண்டு, கிழவர் முதல் குழந்தை வரை யாவரையும் சிரிக்கவைத்து எழுப்புகிறவர் அவரே. தெய்வத்தின் கதை நடுவே சிரிப்புக்கு இடமுண்டு என்பதைத் தென்பாண்டி நாட்டார் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவரல்லர்.

நாம் ஈண்டு வரலாறு எழுதப் புகுந்த பெரியாரின் தந்தையார் பெயர் சுடலைமுத்துப் பிள்ளை. தாயார் பெயர் இசக்கியம்மாள். வில்லுப்பாட்டுக்குரிய இரண்டு தெய்வங்களின் பெயரையும் தாங்கிய பெற்றோருக்கு 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் கிருஷ்ணன் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது.

குடும்பம் வறுமையுடையது. பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு முடிந்தது. பெரிய மனிதர்கள் டென்னிஸ் ஆடும் இடத்தில் பந்து பொறுக்கிக் கொடுக்கும் பையனாகவும், நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் பையனாகவும் அவர் இருந்தார். பின்னதே அவருக்குக் கல்லூரியாயிற்று. காசு கொடாமல் நாடகம் பார்க்க அதைவிட நல்ல வழி ஏது? தட்டில் இருந்த பண்டம் எவ்வளவு விற்றதோ அறியோம். மேடையில் நடந்தது முழுவதும் அவர் மனத்தில் தங்கிவிட்டது.

1925இல் டி. கே. எஸ். சகோதரர்கள் தங்கள் பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினர். சங்கரன், முத்துசாமி, ஷண்முகம், பகவதி என்ற அந்நால்வரும் சங்கரதாஸ் சுவாமிகளிடம் நாடகம் பயின்றவர்கள். அவர்களுடைய கம்பெனியில் கிருஷ்ணன் இளமையிலேயே சேர்ந்தார். அக்காலத்து நாடகக் கம்பெனி வாழ்க்கையை இற்றைநாள் மாணவர் மனத்திற்கொள்வது அரிது. பையன்கள் ஒரே வீட்டில் உண்டு உறங்கிப் பாடம் கேட்பர். ஊர் ஊராகச் சென்று கொட்டகை போட்டு, இரவு தொடங்கிய நாடகத்தை விடியுந்தறுவாயில் முடிப்பர். ராஜபார்ட்டுக்காரர் நன்றாகப் பாடினால் போதும். பபூன் வேஷக்காரருக்கோ பாட்டும் வேண்டும், ஆட்டமும் வேண்டும், அன்றைக்கு அவ்வூர்ச் சந்தையில் என்ன நடந்தது என்ற செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். நேற்றுச் சொன்ன வேடிக்கையை இன்று சொன்னால் முன்வரிசைக்காரர் கொட்டாவி விடுவர். இந்தக் கடினமான பள்ளியில் கிருஷ்ணன் பல ஆண்டுகள் பயின்றார். இடையிடையே பிணங்கிக்கொண்டு வேறு கம்பெனிகளுக்குச் சென்றதும் திரும்பியதும் உண்டு; அவை விரிப்பிற் பெருகும்.

பேசும்படம் தமிழ்நாட்டில் தலையெடுத்தபோது, டி. கே. எஸ். குழுவினரோடு மேனகா என்ற படத்தில் அவர் தோன்றினார். அது 1935இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய சதிலீலாவதி வந்தது. எம். ஜி. ராமச்சந்திரனும் டி. எஸ். பாலையாவும் திரையில் முதன்முதல் தோன்றியது அப்படத்தில்தான். அவ்விருவரும் பின்னர் அடைந்த புகழை நாடறியும். ஆயினும் அன்றைக்கு ஜனங்கள் வீட்டுக்குச் சென்று பேசிக்கொண்டது கிருஷ்ணனைப் பற்றியே.

இவ்விடத்தில் சற்றே நின்று, அவர் செய்த புதுமையை விளக்கவேண்டும். அக்காலத்துப் படக்கதைகள் பெரும்பாலும் புராணங்களும் ராஜகுமாரர் கதைகளுமாம். அவற்றின் நடுவே ஹாஸ்யம் என்பது ஊறுகாய் போன்றது. கதாநாயகனின் தோழன் இரண்டு முறை தடுக்கி விழுந்தால் ஹாஸ்யம் முடிந்தது. கிருஷ்ணனோ ஹாஸ்யத்துக்குத் தனிக் குடித்தனம் வைத்துக் கொடுத்தார். தம் பகுதிக்குரிய கதையைத் தாமே அமைத்துக்கொள்வார். உடுமலை நாராயணகவி முதலியோர் பாட்டு எழுதித் தருவர். டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி, காக்கா ராதாகிருஷ்ணன் முதலிய தோழர்கள் உடனிருந்து நடிப்பர். இவ்வாறு முழுமையாக எடுத்த பகுதி பெரிய படத்தின் நடுவே பொருத்தப்படும். பெரிய கதை சோர்ந்து கிடந்தாலும் இச்சிறு கதையின் பொருட்டு ஜனங்கள் டிக்கெட் வாங்கினர். ஆகவே படம் எடுப்போர் தம் படம் விலைபோகவேண்டி அவர் வாயிலில் காத்துநின்றனர். ஒரு வேடிக்கைக்காரர் தம் தொழிலைத் தாமே நடத்தும் முதலாளியாவது அதற்குமுன் நாம் அறியாத செய்தி.

அவரை இந்தியாவின் சார்லி சாப்லின் என்று பாராட்டுவது வழக்கமாயிற்று. சாப்லினும் லண்டனில் வறுமையிற் பிறந்து மேடையில் வளர்ந்தவர் என்னும் அளவில் அவ்வுவமை பொருந்தும். ஆனால் சாப்லினின் வித்தை ஊமைப்படத்தில் முழுமை பெற்றது. கிருஷ்ணனிடம் பேச்சைப் பறித்துவிட்டால் பாதி கிருஷ்ணனே எஞ்சுவார். சொல்லை இழுத்தும் நிறுத்தியும், எதிராளியின் வாக்கியத்தைப் பிடித்துத் திருப்பியும் அவர் செய்த வேடிக்கைக்கு மூலம் லண்டனில் இல்லை, வில்லடி மேடையில் இருக்கிறது என்பது நம் கருத்து.

1936இல் வசந்தசேனா படத்தின் பொருட்டுப் பூனாவுக்குச் சென்றபோது திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த டி. ஏ. மதுரம் என்ற நடிகையாரோடு பழக்கம் ஏற்பட்டு, அது விவாகத்தில் முடிந்தது. அவருக்கு ஊரில் முன்னரே மணமாகியிருந்தது. இச்செய்தியைப் புகழ்ந்துரைக்க நாம் முன்வரவில்லை; மறைக்கவும் முன்வரவில்லை. திரையில் அவ்விருவரும் செய்தது தமிழ் நாட்டுக்கு முற்றும் புதியது. அதற்குமுன் கதாநாயகியர் தெய்வத்தன்மை பொருந்திய பதிவிரதைகள். கணவன் அடித்தாலும் அழுதுகொண்டு பாடுவர். மதுரத்தம்மையாரோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு எதிர்வாதம் செய்தார். கணவன் சாமர்த்தியமாகப் பேசுவான், மனைவி அதைவிடச் சாமர்த்தியமாக மடக்குவாள், முடிவில் யார் வென்றார் என்று தெரியாமல் இருவரும் பாடுவார்கள். அவர்களுடைய பாட்டொன்றில் விஞ்ஞானத்தை வளர்த்துவிடப் போவதாகக் கணவன் சூளுரைக்கிறான். பொத்தானைத் தட்டினால் இட்டலியும் காப்பியும் தாமே வந்து நிற்கும் நாளைப் பற்றிக் கனவு காண்கிறான். அக்கனவு இன்று ஒருவாறு நனவாகிவிட்டது. அடுப்படிச் சண்டைகள் மாத்திரம் ஓய்ந்ததாகக் கேள்விப்படவில்லை.

மேனாட்டில் இக்காலத்தார் தொலைக்காட்சியில் வாரந்தோறும் கண்டு மகிழும் குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் இயல்பு யாது? அறிமுகமான சிலர், அறிமுகமான வீடு, ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சிக்கல். கிருஷ்ணனும் மதுரமும் படத்துக்குப் படம் செய்தது ஏறத்தாழ அதுவே. ராஜா மந்திரி கதையாயினும், பக்தர் சரித்திரமாயினும், மூலையில் அவ்விருவர் குடித்தனமும் இருந்தேதீரும்.

1944ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி எம். கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகராக நடித்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே கொட்டகையில் தொடங்கிற்று. கிருஷ்ணனும் மதுரமும் அதில் நடித்திருந்தனர். படம் தொடங்கிச் சில வாரங்களுக்குள் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. சினிமாக்காரரைப் பற்றிய வம்புகளை அச்சிட்டு விற்ற லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் கத்தியாற் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அக்கொலைக்குச் சதி செய்தனர் என்று பாகவதரும் கிருஷ்ணனும், படமுதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் டிசம்பர் இறுதியில் பிடிக்கப்பட்டனர். விசாரணையில் நாயுடு விடுதலை பெற்றார். மற்ற இருவரையும் ஜூரிகளில் அறுவர் குற்றவாளிகள் என்றனர், மூவர் அல்லர் என்றனர். 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஹைகோர்ட்டில் செய்த அப்பீலும் அவ்வாண்டிலேயே தள்ளுபடியாயிற்று.

அந்நாட்களில் சென்னைக்கு வந்த ஒரு கிராமத்தான் நிலையை எண்ணிப் பாருங்கள். மாலையில் பிராட்வே கொட்டகைக்குச் சென்றால் வெண்திரையில் கிருஷ்ணன் துள்ளிக் குதிக்கிறார். ஆயிரம் பேர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். வெளியே வந்தால் அதே கிருஷ்ணன் கம்பிக்குப் பின்னால் கைதியுடையில் இருக்கிறார். ஹரிதாஸ் 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளையும் கண்டது. இரண்டாவது தீபாவளியிலும் மூன்றாவது தீபாவளியிலும் அதன் நாயகரும் கோமாளியும் சிறையிலேயே இருந்தனர். ஜனங்கள் அவர்களைக் குற்றவாளிகள் என்று கருதியிருந்தால் அப்படம் ஒரு வாரத்தில் சுருண்டிருக்கும். ஜூரிகளில் மூவரே அவர்கள் பக்கம் நின்றனர். டிக்கெட் வாங்கியோர் அனைவரும் அவர்கள் பக்கமே நின்றனர் என்று நாம் கூறின் அது மிகையாகாது.

வெளியே மதுரத்தம்மையார் சோர்ந்து அமரவில்லை. நகைகளும் சொத்துக்களும் வழக்குச் செலவிற் கரைந்தன. எஸ். வி. சகஸ்ரநாமம் துணைநிற்க, என். எஸ். கே. நாடக சபை என்ற பெயரால் நாடகங்கள் நடத்தப்பட்டன. பைத்தியக்காரன் என்ற படமும் எடுக்கப்பட்டது. அதில் மதுரத்தோடு எம். ஜி. ராமச்சந்திரனும் நடித்தார். நடிகர் கே. ஆர். ராமசாமி தாம் புதிதாகத் தொடங்கிய நாடகக் குழுவுக்குக் கிருஷ்ணன் நாடக சபை என்றே பெயர் சூட்டினார். சிறையிலிருப்பவன் பெயரைக் கொட்டகை வாயிலில் எழுதிவைக்க அக்காலத்தில் நெஞ்சுரம் வேண்டும். அபிமானிகள் சங்கம் என்று ஒன்றைப் பதிவு செய்து தலைவரும் காரியதரிசியும் தேர்ந்தெடுத்துக்கொள்வது எளிது. இவர்கள் செய்தது வேறு வகையான அபிமானம்.

வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்று, மறுபடியும் விசாரிக்கும்படி சென்னைக்குத் திரும்பிற்று. பிற்காலத்தில் பெண்கள் கல்லூரி நிறுவிப் புகழ்பெற்ற பாரிஸ்டர் வி. எல். எதிராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழிந்திருந்தது. பாகவதருக்குப் பழைய கீர்த்தி திரும்பவில்லை. கிருஷ்ணனுக்குத் திரும்பிற்று. பைத்தியக்காரன் படத்தின் எஞ்சிய பகுதியில் அவரும் சேர்ந்துகொண்டார். பாட்டுக்குரிய குரலும் ராஜ தோரணையும் சிறையில் வாடக்கூடும். துன்பத்தைக் கண்டு நகைக்கப் பழகிய மனம் அங்கேயும் வாடவில்லை போலும். கலைவாணர் என்னும் பட்டத்தை நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்கு வழங்கினார். சபாபதி என்ற அருமையான ஹாஸ்ய நாடகத்தை இயற்றியவர் கையால் அது கிடைத்தது பொருத்தமே.

விடுதலைக்குப் பின் அவருடைய சிரிப்பில் ஓர் உறுதி புகுந்தது. நந்தனார் சரித்திரத்தின் மெட்டையும் காலட்சேப முறையையும் எடுத்துக்கொண்டு கிந்தனார் என்ற கதாகாலட்சேபத்தை மேடையிலும், பின்னர் 1949இல் வந்த நல்லதம்பி படத்திலும் நடத்தினார். நந்தன் சிதம்பரம் போகவேண்டும் என்று ஏங்கினான். ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவனாகிய கிந்தனோ பட்டணம் போய்ப் படிக்கவேண்டும் என்று ஏங்குகிறான். தடைகளைக் கடந்து ரயிலேறிச் சென்று படித்து, பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரியாகவே ஊருக்குத் திரும்புகிறான். ஜனங்கள் சிரித்துக்கொண்டே கேட்டனர். கேட்டபின் சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியாமல் விழித்தனர். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் கல்விக்காகப் பாடிய பாட்டு அது என்பதைக் கல்லூரி மாணவராகிய வாசகர் மறவாதிருப்பது நலம்.

நல்லதம்பிக்குக் கதை வசனம் எழுதியவர் சி. என். அண்ணாதுரை. திடீரென்று ஜமீன் சொத்துக்கு உரியவனாகிய ஏழை அதை ஊர் நன்மைக்குச் செலவிடும் கதை அது. அமெரிக்கப் படம் ஒன்றிலிருந்து பிறந்தது. பின்னர் மணமகள் (1951), பணம் (1952) ஆகிய படங்களைக் கிருஷ்ணனே இயக்கினார். 1951இல் சோவியத் ரஷ்யாவையும் கண்டு வந்தார். சாதி வேற்றுமை, குடி, மூடநம்பிக்கை இவற்றை எள்ளி நகையாடிய அவர், காந்தியடிகளிடம் பெரும் பக்தி பூண்டவர். நாகர்கோவிலில் அண்ணலுக்கு நினைவுத் தூண் எழுப்பியவர். அண்ணலின் வரலாற்றைச் சொல்லுதற்கு அவர் நாடிய கருவி எதுவென்று நினைக்கிறீர்கள்? நம் பக்கத்து வில்லுதான். திருநெல்வேலிச் சீமையில் சத்திரம் புதுக்குளம் என்னும் ஊரினரான சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைத் தாமே கண்டெடுத்துச் சென்னைக்கு அழைத்துச் சென்று, வில்லுப்பாட்டு எழுதச் செய்தார். மாடன் கோயிற் பந்தலிலிருந்த வில் பட்டணத்துச் சபைகளில் ஒலித்தது. சுப்பு ஆறுமுகம் பல்லாண்டு அக்கலையை வளர்த்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, மறு ஆண்டு மறைந்தார்.

கிருஷ்ணனுடைய ஈகையைப் பற்றிக் கூறப்படும் கதைகள் அளவிறந்தன. அவற்றுள் எது நடந்தது, எது அன்பினால் கற்பிக்கப்பட்டது என்று பிரித்தறிவது நம்மால் ஆகாது. வருமானவரி அதிகாரி ஒருவர் கணக்கைப் புரட்டிப் பார்த்து, பக்கந்தோறும் தருமமே எழுதியிருப்பதைக் கண்டு அயர்ந்தார் என்பது அவற்றில் ஒன்று. பணம் வந்த வழியிலேயே போயிற்று என்பதில் மட்டும் ஐயமில்லை. தமக்கென்று காத்துவைக்கும் சாமர்த்தியம் அவருக்கு இல்லாமற்போனது வீட்டாரைப் பின்னர் வருத்திற்று; அதனையும் சொல்லியேயாக வேண்டும்.

1956இல் ராஜா ராணி படத்தில் சிரிப்பின் வகைகளை அவர் பாடிச் சிரித்துக் காட்டியது இன்றும் பலருக்கு நினைவிருக்கும். உடல்நலம் அப்போதே குன்றத் தொடங்கியிருந்தது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் நின்ற அண்ணாதுரைக்காகப் பேசச் சென்றார். எதிர்த்து நின்றவர் ஒரு மருத்துவர். மேடையேறிய கலைவாணர், அம்மருத்துவரைக் கைராசிக்காரர் என்றும் தங்கமான மனிதர் என்றும் புகழத் தொடங்கவே கட்சிக்காரர்கள் திடுக்கிட்டனர். இத்தகைய நல்ல மருத்துவரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டால் உங்கள் நோய்க்கு யார் மருந்து கொடுப்பார், அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாதுரையைச் சட்டசபைக்கு அனுப்பிவிடுங்கள் என்னும் கருத்துப்பட முடித்தாராம். ஒருவரையும் நோகச் செய்யாமல் ஒரு தேர்தல் சொற்பொழிவு! அத்தேர்தலில் அண்ணாதுரை வென்றார். சில மாதங்களில், ஆகஸ்டு 30ஆம் நாள், சென்னைப் பொது மருத்துவமனையில் கலைவாணர் காலமானார். வயது நாற்பத்தெட்டே.

இறந்தவரை நினைவிற்கொள்ளும் முறை நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 1968 முதல் 1977 வரை டாட்ஸ் ஆர்மி என்னும் நகைச்சுவைத் தொடர் பி. பி. சி. தொலைக்காட்சியில் நடைபெற்றது. யுத்த காலத்தில் ஊர்க்காவல் படையிற் சேர்ந்த கிழவர்கள் சிலரும் அவர்களுக்குத் தலைவரான டம்பமான பாங்கி மானேஜரும் செய்யும் கூத்து அது; எண்பது பகுதிகள். அதற்கு அபிமானிகள் சங்கம் அமைத்து, வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்ட தெட்ஃபர்டு என்ற சிற்றூரில் அருங்காட்சிச்சாலையும் ஏற்படுத்தினர். 2010இல் அந்தப் பாங்கி மானேஜருக்கு அங்கே சிலையும் வைத்தனர். நடித்தவர் ஆர்தர் லோ; சிலையோ கதையில் வரும் காப்டன் மெயின்வாரிங்குக்கு! கற்பனை மனிதனுக்குச் சிலை எடுக்கும் அளவுக்கு ஒரு ஜாதியார் தம் சிரிப்பை மதிப்பதைக் கண்டு நாம் வியக்கிறோம். சற்றுப் பொறாமையும் கொள்கிறோம். அங்கே ஒவ்வொரு பகுதியையும் எண்ணிட்டு வரிசைப்படுத்திப் பேணுகின்றனர். நம்மிடத்திலோ கிருஷ்ணன் நடித்த பழைய படங்களிற் சில ஒரு பிரதியும் எஞ்சாமல் அழிந்தன. சிலை வைப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவரல்லோம். படச்சுருளைக் காப்பதில் இளைத்துவிட்டோம்.

சென்னையில் கலைவாணருக்கு எழுந்த சிலையை, முதலமைச்சராயிருந்த அண்ணாதுரை 1969 ஜனவரியில் திறந்துவைத்தார். அவர் அப்பொழுது கொடிய நோயுற்றிருந்தார். பொதுமக்கள் முன் அவர் தோன்றிய கடைசி விழா அதுவே. அடுத்த மாதம் அவரும் மறைந்தார். வாலாஜா சாலையிலுள்ள அரசினர் அரங்கத்துக்குக் கலைவாணர் அரங்கம் என்று பெயரிடப்பட்டது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, 2016இல் புதியது திறக்கப்பட்டது. கொள்ளைநோய் பரவிய 2020ஆம் ஆண்டில், உறுப்பினர்கள் இடைவெளி விட்டு அமரக் கோட்டையிலுள்ள மண்டபம் போதாமையால், தமிழ்நாட்டுச் சட்டசபை அவ்வரங்கத்தில் கூடிற்று; அடுத்த ஆண்டும் அங்கேயே கூடிற்று. ஒழுகினசேரியில் பந்து பொறுக்கிய பையனின் பெயர் பொறித்த வாயிலின் வழியாக மந்திரிகளும் எதிர்க்கட்சியினரும் நாள்தோறும் உட்சென்று வந்தனர்.